மேடையா, திண்ணையா? பட்டிமன்றக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பட்டிமன்றக் குழுவினருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பிப்ரவரி கறுப்பின வரலாற்று மாதம் என்பதால் இந்த வருட இளையோர் பட்டிமன்றத்தை அதையொட்டி நடத்தப் போகிறீர்கள் என்று சுற்றறிக்கை வந்தது. முதலில் அதற்கு நன்றி. கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமா, பணமா குணமா என்று பேசிப் பேசி நம் பிள்ளைகள் ஓய்ந்துவிட்டார்கள். பிறந்து வளரும் நாட்டின் கதையைத் தமிழில் பேசட்டுமே என்று உங்களில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. நல்ல காரியம்.

தலைப்புதான் இடிக்கிறது. 'கறுப்பின மக்களின் உரிமைக்குப் பெரிதும் வழிவகுத்தது கிங்கின் அறவழியா, மால்கமின் மறவழியா?' மார்ட்டின் லூதர் கிங், மால்கம் எக்ஸ் என்ற இரண்டு கறுப்பினத் தலைவர்களை எதிரெதிரே நிறுத்தும் தலைப்பு. எதுகை கச்சிதம். கூடவே ஒரு குறிப்புத்தாளும் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் கிங் அணிக்கு 'அன்பு, அமைதி, மன்னிப்பு' என்றும், மால்கம் அணிக்கு 'ஆயுதம், ஆத்திரம், பழிக்குப் பழி' என்றும் போட்டிருக்கிறது. என் மகள் மால்கம் அணி. ஆத்திரத்தை ஆதரித்து மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கவேண்டுமாம்.

தலைப்பை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இதே தலைப்பு வேறு சில ஊர்ச் சங்கங்களிலும் சுற்றிக்கொண்டிருப்பதால், குழுவுக்கு மட்டும் எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

குறிப்புத்தாளிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மால்கம் எக்ஸ் எந்தக் கலவரத்துக்கும் தலைமை தாங்கியவர் இல்லை. அடித்தால் திருப்பி அடிக்கும் உரிமை மற்ற எல்லோருக்கும் இருப்பதுபோல எங்களுக்கும் உண்டு என்றார், அவ்வளவுதான். 1964 ஏப்ரலில் கிளீவ்லாந்தில் அவர் பேசிய 'வாக்குச்சீட்டா, தோட்டாவா' என்ற உரையைப் படித்துப் பாருங்கள். கறுப்பர்களின் வாக்குக்கு எவ்வளவு வலிமை இருக்கிறது, அதை யார் எப்படி ஏமாற்றி வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்றுதான் நிறையப் பேசுகிறார்.

கிங் பக்கமும் நீங்கள் எழுதியதுபோல அத்தனை சாதுவானதல்ல. 1956 ஜனவரி 30 அன்று, பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, அலபாமா மாநிலத்து மான்ட்கமரியில் அவர் வீட்டில் குண்டு வீசினார்கள். அதற்குப் பிறகு வீட்டுக்குக் காவல் நின்றவர்கள் துப்பாக்கியோடுதான் நின்றார்கள். கிங்கே துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்தார், கொடுக்க மறுத்துவிட்டார்கள். அகிம்சைப் போராட்டத்தில் பழுத்த அனுபவம் உள்ள பேயார்ட் ரஸ்டின் அந்த வீட்டுக்கு வந்தபோது, கூட வந்த பத்திரிகையாளர் ஒரு நாற்காலியில் உட்காரப் போனார். ரஸ்டின் பதறிப்போய்த் தடுத்தார். நாற்காலியில் துப்பாக்கி கிடந்தது. கிங் முழு அகிம்சைக்கு வந்து சேர்ந்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான், அதுவும் இப்படிப்பட்ட ஆட்களோடு பேசிப் பேசி.

அந்த அகிம்சையையும் 'அமைதி' என்று எழுதினால் பிள்ளைகள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். 1963 மே மாதம் அலபாமாவின் பர்மிங்ஹாமில், இனப் பிரிவினையை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் தெருவில் இறக்கினார்கள். போலீஸ் நாய்களும் தீயணைப்புக் குழாய்களும் அந்தப் பிள்ளைகள்மேல் பாய்ந்த படங்களை உலகமே பார்த்தது. குழந்தைகளைச் சண்டைக்களத்தில் முன்னால் நிறுத்துவது ஆண்பிள்ளைத்தனமா என்று கடிந்துகொண்டவர் யார் தெரியுமா? உங்கள் குறிப்புத்தாளில் ஆத்திரக்காரராக வரும் மால்கம்தான். பேச்சுவார்த்தைக்கு வந்தே தீரவேண்டிய நெருக்கடியை உண்டாக்குவதுதான் எங்கள் நோக்கம் என்று பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் கிங் ஒளிக்காமல் சொல்கிறார். எங்களைத் தட்டிக்கழித்தால் மக்கள் கறுப்பு தேசியவாதிகளின் பக்கம் போவார்கள் என்ற எச்சரிக்கையும் அதே கடிதத்தில் இருக்கிறது.

இருவரும் நேரில் பார்த்துக்கொண்டது ஒரே ஒரு முறை. 1964 மார்ச் 26, வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடம், சிவில் உரிமை மசோதா விவாதம் நடந்துகொண்டிருந்த சமயம். கைகுலுக்கினார்கள், படம் எடுத்தார்கள், பிரிந்தார்கள். அடுத்த வருடம் பிப்ரவரி 4 அன்று, வாக்குரிமைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த அலபாமாவின் செல்மாவுக்கு மால்கம் போனார். கிங் சிறையில் இருந்தார். மேடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொரெட்டா கிங்கிடம், உங்கள் கணவருக்குத் தொந்தரவு கொடுக்க வரவில்லை, மாற்றுவழி எது என்று வெள்ளையர்களுக்குத் தெரிந்தால் கிங் சொல்வதைக் கேட்பார்களே என்றுதான் வந்தேன் என்றார். 17 நாளில் மால்கமைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவருக்கு 39 வயது. மூன்று ஆண்டு கழித்துக் கொல்லப்பட்டபோது கிங்குக்கும் 39.

அவர்களுக்குள் வேறுபாடே இல்லை என்று சாதிக்கவில்லை. வெள்ளையர் சமூகத்துக்குள் இடம் கேட்பதா, நமக்கென்று கடை, பள்ளி, கட்சி என்று தனியாக எழுந்து நிற்பதா என்பது பெரிய கேள்விதான். வடக்கே ஹார்லெமிலும் டெட்ராய்ட்டிலும் சேரிகளில் கிடந்தவர்களுக்கு மால்கம்தான் சரியாகப் பட்டார், அதற்கும் காரணம் இருக்கிறது. ஆனால் தெற்கே அடிவாங்கிக்கொண்டும் சிறைக்குப் போய்க்கொண்டும் இருந்தவர்கள் இராத்திரி கூடி உட்கார்ந்து தொண்டை வறளச் சண்டை போட்டது பெரும்பாலும் வேறு ஒரு விஷயத்துக்காக. யார் தலைமை தாங்குவது? தலைவர் என்று ஒருவர் எதற்கு?

இந்தச் சண்டைக்கு ஒரு முன்கதை உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1895ல் அட்லான்டாவில் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன், சமூக வாழ்வில் நாம் கைவிரல்கள்போலத் தனித்தனியாக இருப்போம், முன்னேற்றத்துக்கு மட்டும் ஒரே கையாகச் சேர்வோம் என்று பேசினார். தொழில் கற்போம், காசு சேர்ப்போம், வாக்குரிமை பிறகு வரட்டும் என்பது அவர் கட்சி. கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் 1903ல் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார். பாடப் புத்தகங்களில் இது எலியும் பூனையும்போல வரும். உண்மையில் 1895 பேச்சுக்கு டு பாய்ஸே வாழ்த்துத் தந்தி அடித்திருக்கிறார். வாஷிங்டனோ வாக்குரிமைப் பறிப்பை எதிர்த்த வழக்குகளுக்கு யாருக்கும் தெரியாமல் பணம் கொடுத்திருக்கிறார். ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் கருத்து வேற்றுமையே இல்லை: இனத்தை மேலே தூக்கிவிடப் போவது ஒரு சில பெரிய மனிதர்கள். வாஷிங்டன் அந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தார். டு பாய்ஸ் 'திறமைமிக்க பத்தில் ஒரு பங்கினர்' என்ற பெயரையே அதற்குப் பிரபலமாக்கினார்.

அதே 1903ல் பிறந்தவர் எல்லா பேக்கர்.

உங்கள் குறிப்புத்தாளில் இந்தப் பெயர் இல்லை. 1940களில் கறுப்பர்களின் உரிமைக்காகப் போராடும் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்புக்காகத் தென் மாநிலங்களில் ஊர் ஊராக, பெரும்பாலும் தனியாக, மாதக்கணக்கில் சுற்றிக் கிளைகளைக் கட்டியவர். 1957ல் கிங் தலைமையில் பாதிரிமார்கள் சேர்ந்து தென்னகக் கிறித்தவத் தலைமை மாநாடு என்ற அமைப்பை ஆரம்பித்தபோது, அட்லான்டாவில் அதற்கு அலுவலகம் போட்டு அன்றாட வேலைகளை இழுத்துப்போட்டுச் செய்தவர். ஆனால் நிர்வாக இயக்குநர் பதவி நிரந்தரமாக அவருக்குக் கிடைக்கவில்லை. தற்காலிகப் பொறுப்போடு சரி. பெண், பாதிரியார் இல்லை, கிங்கைவிட 25 வயது மூத்தவர், மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிறவர். பாதிரிமார் சபையில் இதெல்லாம் செல்லுபடியாகுமா?

இயக்கம்தான் மார்ட்டினை உண்டாக்கியது, மார்ட்டின் இயக்கத்தை உண்டாக்கவில்லை என்பது பேக்கரின் வாதம். மான்ட்கமரியில் நடந்ததைப் பார்த்தால் அவரை மறுக்க முடியாது. 1955 டிசம்பர் 1 அன்று, பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானார். அன்று இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை, சக ஆசிரியர் ஒருவரையும் இரண்டு மாணவர்களையும் கூட்டிக்கொண்டு, கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் பேருந்துப் புறக்கணிப்புக்கான துண்டறிக்கைகளைப் பல்லாயிரக்கணக்கில் ஓட்டினார். ஒரு தாளில் மூன்று அடித்து வெட்டிக்கொண்டார்கள். விடிந்ததும் ஊர் முழுக்க விநியோகம். பேருந்தைப் புறக்கணிப்போம் என்று அவர் மேயருக்கு எழுதி எச்சரித்தது அதற்கு ஒன்றரை வருடம் முன்னால். கிங்கைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது டிசம்பர் 5ல். வயது 26, ஊருக்குப் புதியவர், உள்ளூரில் யாரோடும் பகையில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். 381 நாள் புறக்கணிப்பு முடிந்தபோது உலகம் அறிந்த பெயர் அவருடையது.

1960 பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடையில் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேசையில் உட்கார்ந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தெற்கு முழுக்கப் பற்றிக்கொண்டது. பேக்கர் கிங்கின் அமைப்பிடம் 800 டாலர் வாங்கி, தான் படித்த ராலே நகரத்து ஷா பல்கலைக்கழகத்தில் ஈஸ்டர் விடுமுறையில் இந்த மாணவர்களைக் கூட்டினார். தங்கள் இளைஞர் அணியாக அவர்களைச் சேர்த்துக்கொள்ளப் பாதிரிமார்களுக்கு ஆசை. காசு கொடுத்தவர்கள் ஆசைப்படத்தானே செய்வார்கள். பேக்கர் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் வழியை நீங்களே தீர்மானியுங்கள், யாருக்கும் வாலாக வேண்டாம் என்று மாணவர்களிடம் சொன்னார். அங்கே பிறந்ததுதான் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு, எல்லோரும் சுருக்கமாக 'ஸ்னிக்' என்றார்கள். வலிமையான மக்களுக்கு வலிமையான தலைவர் தேவையில்லை என்று பேக்கர் சொன்னதை அந்தப் பிள்ளைகள் கொள்கையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

கிங்கின் அமைப்புக்குள்ளேயே இன்னொரு பெண் இதையே சொல்லிப் பார்த்தார். செப்டிமா கிளார்க், தென் கரோலினாவில் பள்ளி ஆசிரியை. என்.ஏ.ஏ.சி.பி. உறுப்பினர் பதவியை விட மறுத்ததற்காக 1956ல் வேலை போனது. 1957ல் ஜான்ஸ் தீவில் அவரும் நண்பர்களும் முதல் குடியுரிமைப் பள்ளியை ஆரம்பித்தார்கள். ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில்தான் வகுப்பு. வெளியிலிருந்து பார்த்தால் கடை மாதிரி இருக்கட்டும் என்று. பாடம் நடத்தியவர் பெர்னீஸ் ராபின்சன், சிகையலங்காரம் செய்கிறவர். நான் ஆசிரியை இல்லை, உங்களோடு சேர்ந்து கற்கவந்தவள் என்று ஆரம்பித்து, வந்திருந்தவர்களிடம் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். பெயர் எழுத, மணியார்டர் படிவம் நிரப்ப, தபாலில் பொருள் வரவழைக்க, அப்புறம் வாக்காளர் பதிவுத் தேர்வு எழுத. அதுதான் பாடத்திட்டம். இந்தப் பள்ளிகளை 1961ல் கிங்கின் அமைப்பு ஏற்று நடத்தியது, கிளார்க்கும் கூடவே வந்தார்.

ஒருமுறை அவர் கிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். எல்லா ஊர்வலத்துக்கும் நீங்களே முன்னால் போகவேண்டாம், தங்கள் ஊர்வலத்தைத் தாங்களே நடத்தும் தலைவர்களை ஊர் ஊராக உருவாக்குங்கள் என்று. கிங் அந்தக் கடிதத்தை அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் படித்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். கிளார்க் பின்னாளில் தானே சொன்ன சம்பவம் இது. கிங்கைக் குறைத்துப் பேசவேண்டும் என்று அவர் இதைச் சொல்லவில்லை, கடைசிவரை கிங்மேல் அவருக்கு மதிப்பு உண்டு. அந்தச் சிரிப்பு மட்டும் என் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. (அன்றைய ஆண்கள் அப்படித்தான் என்று சமாதானம் சொல்லலாம். 1963 வாஷிங்டன் பேரணியின் முக்கியப் பேச்சாளர் வரிசையில் ஒரு பெண்கூடக் கிடையாது. நம் ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்திக்கொள்ளும் வரிசையை நினைத்தால் 1963ஐ மட்டும் குறை சொல்லவும் வாய் வரவில்லை.)

இனி மிசிசிப்பி. பேக்கர் சொன்னதை நிலத்தில் இறக்கிப் பார்த்த இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பாப் மோசஸ் நியூயார்க்கில் கணித ஆசிரியர். பேக்கர் கொடுத்த முகவரிகளோடு 1960ல் மிசிசிப்பிக்குப் போனார், 1961ல் மெக்கோம் ஊருக்கு வேலை செய்யத் திரும்பி வந்தார். வேலை என்றால் என்ன? வீடு வீடாகப் போய்த் திண்ணையில் உட்காருவது. அங்கே 'போர்ச்' என்பார்கள். வீட்டுக்காரர் பேசுவதைக் கேட்பது, வாக்காளர் பதிவுப் படிவத்தைக் காட்டுவது, நிரப்பிப் பார்க்கிறீர்களா என்று கேட்பது. பதிவு செய்யப் போனால் ஒரு தேர்வு, மாநில அரசமைப்புச் சட்டத்தில் ஏதாவது ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொல்வார்கள். தேறிவிட்டீர்களா இல்லையா என்பது பதிவு அலுவலர் வைத்ததுதான் சட்டம். ஆட்களை அழைத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போன வழியில் ஷெரீஃபின் உறவினர் ஒருவர் மோசஸின் மண்டையைப் பிளந்தார். மோசஸ் இரத்தம் வழிய அலுவலகம் வரை நடந்து போய்விட்டுத்தான் தையல் போடப் போனார்.

அந்த செப்டம்பரில் ஹெர்பர்ட் லீ என்ற விவசாயியை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார். தற்காப்பு என்று சொல்லிக் கையோடு விடுதலையும் ஆகிவிட்டார். லீ செய்த குற்றம், மோசஸோடு சேர்ந்து வாக்காளர் பதிவுக்கு உதவியது. ஒன்பது குழந்தைகள். சவ அடக்கத்தில் லீயின் மனைவி மோசஸிடம் வந்து மார்பில் அடித்துக்கொண்டு, என் புருஷனைக் கொன்றது நீதான் என்றார். மேடையில் நிற்கும் தலைவருக்கும் ஆபத்து உண்டு, மறுக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஒரு மனிதரிடம் 'நீங்கள் வாருங்கள்' என்று கேட்பவருக்கு வேறு மாதிரி ஒரு கனம் இருக்கிறது. உங்கள் பேச்சாளர்களில் ஒரு பிள்ளையாவது இதைப் பேசவேண்டும் என்பது என் ஆசை.

1962 ஆகஸ்ட் 31. ரூல்வில் பகுதியிலிருந்து 18 பேர் ஒரு பழைய பேருந்தில் வாக்காளர் பதிவுக்காக இண்டியனோலா போனார்கள். அதில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். பருத்தித் தோட்டக் கூலி, வீட்டில் இருபதாவது குழந்தை, வயது 44. கறுப்பர்களுக்கு வாக்குரிமை இருக்கிறது என்பதே அந்த வருடம்தான் அவருக்குத் தெரியும். தேர்வில் கேட்ட சட்டப்பிரிவைப் பற்றி, ஒரு குதிரைக்குக் கிறிஸ்துமஸைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரியும் என்று பிறகு சொல்லிச் சிரிப்பார். திரும்பும் வழியில் போலீஸ் பேருந்தை நிறுத்தியது. பேருந்து அளவுக்கு மீறி மஞ்சளாக இருக்கிறது என்று ஓட்டுநருக்கு அபராதம். எல்லோரும் காசு போட்டுக் கட்டினார்கள். பயத்தில் உறைந்திருந்தவர்களுக்கு ஹேமர் பாட ஆரம்பித்தார். அன்று இரவே 18 வருடம் உழைத்த தோட்டத்திலிருந்து முதலாளி அவரை வெளியேற்றினார். மறு வருடம் செப்டிமா கிளார்க்கின் குடியுரிமைப் பயிற்சி முடிந்து திரும்பும்போது வினோனா சிறையில் வைத்து அவரை அடித்தார்கள். அந்தக் காயங்கள் அவர் சாகும்வரை ஆறவில்லை.

இப்போது நான் பட்டிமன்றத்துக்கு ஏற்றதென்று நினைக்கும் கட்டம். 1964 ஆகஸ்ட், அட்லாண்டிக் சிட்டி, ஜனாதிபதி வேட்பாளரை அறிவிக்கும் ஜனநாயகக் கட்சி மாநாடு. மிசிசிப்பியின் அதிகாரபூர்வப் பிரதிநிதிகள் அனைவரும் வெள்ளையர்கள். அவர்கள் இடத்தில் எங்களை உட்கார வையுங்கள் என்று கேட்டு, மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்ற பெயரில் கூலிகளும் விவசாயிகளும் முடிதிருத்துகிறவர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் வந்திறங்கினார்கள். எந்தப் பிரதிநிதிகள் செல்லும் என்று பார்க்கும் தகுதிக் குழு முன்னால் ஹேமர் தன் கதையைச் சொன்னார், தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. ஜனாதிபதி ஜான்சன் பதறிப்போய்த் திடீரென்று ஒரு செய்தியாளர் சந்திப்பைக் கூட்டி ஒளிபரப்பைத் தன் பக்கம் திருப்பினார். தொலைக்காட்சிகள் ஹேமரின் பேச்சை இரவில் போட்டன, இன்னும் அதிகம் பேர் பார்த்தார்கள்.

கடைசியில் ஜான்சன் தரப்பு ஒரு சமரசம் கொண்டுவந்தது: இரண்டு இடம் தருகிறோம், மற்றவர்கள் விருந்தினராக இருக்கலாம். அந்த இருவர் யார் என்பதையும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். வந்தவர்கள் ஒரு தேவாலயத்தில் கூடினார்கள். ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பேசியவர்களில் கிங் உண்டு, ரஸ்டின் உண்டு. ரஸ்டினின் வாதம் இலேசானதல்ல. தெருவில் போராடுவது வேறு, அரசியல் செய்வது வேறு. அரசியலில் பாதி கிடைத்தால் வாங்கிக்கொண்டு மீதிக்கு அடுத்த முறை வரவேண்டும். நவம்பர் தேர்தலில் ஜான்சன் தோற்றால் வருவது சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்த குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டர், அப்போது என்ன செய்வீர்கள்? மிசிசிப்பிப் பிரதிநிதி ஒருவரிடம் கிங் தனியாகச் சொன்னாராம்: கறுப்பினத் தலைவர் என்ற முறையில் நீங்கள் இதை ஏற்கவேண்டும் என்று விரும்புகிறேன், ஆனால் நான் மிசிசிப்பிக் கறுப்பனாக இருந்தால் எதிர்த்துத்தான் வாக்களிப்பேன்.

இந்த ஒரு வாக்கியத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு அணியையும் பேசச் சொல்லிப் பாருங்கள்.

முடிவெடுக்க வேண்டியவர்கள் இவர்களே என்றார் மோசஸ். பேசி முடித்து வாக்கெடுத்தார்கள், சமரசம் தோற்றது. இரண்டு நாற்காலிக்காகவா இத்தனை தூரம் வந்தோம், நாங்கள் எல்லோரும்தானே களைத்திருக்கிறோம் என்றார் ஹேமர். அந்த டிசம்பரில் அவர் ஹார்லெமில் பேசியபோது அதே மேடையில் பேசியவர் மால்கம் எக்ஸ். உங்கள் தலைப்பில் இந்த அம்மாவை எந்த அணியில் போடுவீர்கள்? செப்டிமா கிளார்க்கிடம், அதாவது கிங்கின் அமைப்பில், பயிற்சி பெற்றவர். ஸ்னிக் ஊழியர். மால்கமோடு மேடை ஏறியவர். நான்கு வருடம் கழித்து, 1968 சிகாகோ மாநாட்டில், மிசிசிப்பியின் முறையான பிரதிநிதிகளில் ஒருவராக உட்கார்ந்தவர்.

நான் திண்ணைக் கட்சி என்பது தெரிந்திருக்கும். அதற்காக மேடைக் கட்சிக்கு வலு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். செல்மாவில் ஸ்னிக் ஊழியர்கள் 1963 தொடக்கத்திலிருந்து திண்ணை திண்ணையாக ஏறி இறங்கினார்கள். இரண்டு வருட உழைப்புக்குப் பிறகும் அந்த மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதுள்ள சுமார் 15,000 கறுப்பர்களில் சில நூறு பேர்தான் பட்டியலில் இருந்தார்கள். 1965 ஜனவரியில் கிங் வந்தார், அவர் பின்னாலேயே கேமராக்கள் வந்தன. மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் ஊர்வலம் போனவர்கள்மேல் போலீஸ் போட்ட அடி அன்று இரவே நாடு முழுக்க வீடுகளுக்குள் தெரிந்தது. ஆகஸ்ட் 6ல் வாக்குரிமைச் சட்டம். மிசிசிப்பியில் 1964ல் 7 சதவீதத்துக்கும் கீழே கிடந்த கறுப்பர் வாக்காளர் பதிவு 1967ல் 60 சதவீதத்தை நெருங்கியது. திண்ணையில் மட்டும் உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. தலைவரே இல்லாத அமைப்பில் வேறு தொல்லைகளும் உண்டு. ஸ்னிக் கூட்டங்கள் விடிய விடிய நடக்கும், முடிவு மட்டும் வராது. மோசஸ் தன் பெயருக்கே ஒரு மகிமை வந்துவிட்டது என்று பயந்து, 1965ல் 'இனி நான் மோசஸ் இல்லை' என்று அறிவித்துத் தன் நடுப்பெயரான பேரிஸை வைத்துக்கொண்டு மிசிசிப்பியை விட்டே போனார். உயர்ந்த மனிதர்தான். ஆனால் கூட இருந்தவர்களுக்கு அது உதவியா, கைவிட்டதா என்று இன்றைக்கும் பேசலாம்.

ஸ்னிக் அடுத்துப் போன இடம் அலபாமாவின் லவுண்ட்ஸ் மாவட்டம். 80 சதவீதம் கறுப்பர்கள் இருந்தும் 1965 தொடக்கத்தில் ஒருவர்கூட வாக்காளர் இல்லை. ஸ்டோக்லி கார்மைக்கேலும் தோழர்களும் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து தனிக் கட்சியே கட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய என்பதால் அலபாமாவில் அப்போது கட்சிகளுக்குச் சின்னம் வேண்டியிருந்தது. நம்மூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். அந்த மாநில ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல், மேலே 'வெள்ளையர் மேலாதிக்கம்' என்ற வாசகம். இவர்கள் வைத்த சின்னம் கருஞ்சிறுத்தை. உங்கள் குறிப்புத்தாளில் 'ஆயுதம்' என்ற தலைப்பின் கீழ் வரும் கருஞ்சிறுத்தை முதலில் வந்தது வாக்குச்சீட்டுக்கு. 1966ல் அந்தக் கட்சி தோற்றது. அதன் முதல் தலைவராக இருந்த ஜான் ஹூலெட் 1970ல் அதே மாவட்டத்துக்கு ஷெரீஃபாக வந்தார்.

இதெல்லாம் நமக்கு எதற்கு, சும்மா பிள்ளைகள் தமிழ் பேசத்தானே என்று யாராவது கேட்கலாம். 1946 சட்டப்படி இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேற ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் இடம். அந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்த குடியேற்றச் சட்டத்தில் ஜான்சன் கையெழுத்திட்டது 1965 அக்டோபர் 3, வாக்குரிமைச் சட்டம் வந்து இரண்டு மாதத்துக்குள். இனத்தைப் பார்த்து ஆளைப் பிரிப்பது அவமானம் என்ற எண்ணத்தை இந்த நாட்டின் மண்டையில் ஏற்றியவர்கள் மேலே சொன்ன மனிதர்கள். நம் சங்கத்துக்கு வாடகைக்கு மண்டபம் எடுக்கும் அளவுக்கு ஆள் சேர்ந்தது அதற்கப்புறம்தான். அவர்களைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் சரியாகப் பேசலாமே.

ஆகவே என் வேண்டுகோள். தலைப்பை இப்படி வையுங்கள்: 'கறுப்பின மக்களின் உரிமையை வென்றது மேடையா, திண்ணையா?' எதுகை இல்லைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். மேடை அணி கிங், ரஸ்டின் பக்கம் நின்று பர்மிங்ஹாமையும் செல்மாவையும் பேசட்டும். மால்கமும் அந்த அணியில்தான், அவரும் ஒலிபெருக்கியின் மனிதர். திண்ணை அணி பேக்கர், கிளார்க், மோசஸ், ஹேமர் பக்கம். அணிகள் மாறுவதால் என் மகள் எந்தப் பக்கம் வந்தாலும் எனக்குச் சம்மதம். புதிய குறிப்புத்தாளை நானே எழுதித் தருகிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவர் ஐயாவுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு அணியும் அருமையாகப் பேசினார்கள், இரண்டுமே தேவை என்று வழக்கம்போல முடித்துவிடாதீர்கள். அட்லாண்டிக் சிட்டி தேவாலயத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அப்படி முடிக்க வழி இருக்கவில்லை. இந்த முறை தீர்ப்பை நீங்கள் சொல்லாமல், அரங்கத்தில் இருப்பவர்களைக் கையுயர்த்தி வாக்களிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் வாக்கு உண்டு.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர், பேச்சாளர் ஒருத்தியின் அம்மா